துரை திரும்பி வந்த கதை

நூலகப் புத்தகங்களுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறைக்கு ஒரு மணம் உண்டு. ஈரக்கையோடு தொட்டால் விரலில் ஒட்டும். ஊரில் போர் முடிந்த வருடத்து இலையுதிர்காலம் முழுக்க அந்த மணம் என் கையில் இருந்தது. நோர்வேயில், வெஸ்ட்லி என்ற இடத்தில் எட்டாம் மாடியில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது.

எனக்கு வாசிப்பு வராது. எழுத்துகள் ஓடும். ஆசிரியை நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துத் தந்து, தினமும் வீட்டில் பெரியவர் ஒருவர் கேட்க இருபது நிமிடம் வாசிக்க வேண்டும், கேட்டவர் தாளில் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். "லேசலெக்சே" என்று அதற்குப் பேர். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் கேட்காமலே கையெழுத்து வைத்தார்கள். என் அம்மா அப்படியில்லை. கேட்காததற்கு எப்படி வைக்கிறது என்பார். ஆனால் நோர்வேஜிய மொழி அவருக்குப் பாதிதான் விளங்கும். ஆகவே நான் ஒரு பக்கம் வாசித்து, அதைத் தமிழில் சொல்ல வேண்டும். அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை முடிந்து அவர் நாலரைக்கு வருவார். உடுப்பு மடித்தபடி கேட்பார்.

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பிரபு ஒருவரின் கதை அது. உண்மையில் வாழ்ந்த மனிதர் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. நீளமான பெயர். எங்கள் இருவர் வாயிலும் நிற்கவில்லை. அம்மா "துரை" என்று வைத்துக்கொண்டார். துரைக்குப் பெரிய வீடு, குதிரைகள், புதிதாகக் கட்டிய மனைவி. பாலைவனத்தில் ஒரு சண்டைக்குப் போனார். அவருடைய பக்கம் தோற்றது. குதிரை மட்டும் திரும்பி வந்தது.

அந்த இடத்தில் அம்மா மடிப்பதை நிறுத்தினார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வன்னியில் லொறி ஓடியவர். போர் முடிந்த பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. மாமி முகாமிலிருந்து வெளியே வந்து மட்டக்களப்பில் தன் தாய் வீட்டில் இருந்தார். அவருக்கு இருபத்தாறு வயது. கலியாணம் கட்டி ஒன்றரை வருடம். மாமாவுக்குக் கிரியை செய்துவிடுவோம், பிறகு இவளுக்கு ஒரு வழி பார்ப்போம் என்று மாமியின் ஆட்கள் சொன்னார்கள். நல்ல இடம் ஒன்றும் வந்திருந்தது. ஆனால் மாமாவைத் தூக்கி வளர்த்தது அம்மா. அவர் "ஓம்" சொல்லாமல் கிரியை செய்ய அவர்களுக்கு மனமில்லை. செய்யச் சொல்லிவிடு என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அம்மா எழும்பிச் சமையலறைக்குப் போனார்.

"துரை செத்துட்டாரா?" என்று அம்மா கேட்டார்.

தெரியாது, இன்னும் பக்கங்கள் இருக்கின்றன என்றேன்.

"அப்ப வாசி புள்ள."

அன்றிலிருந்து இருபது நிமிடம் ஒரு மணித்தியாலமானது. எனக்கு வாசிப்பு வந்தது இப்படித்தான். துரை பிடிபட்டார், ஒட்டகம் மேய்த்தார், வேறு பெயரில் கப்பலேறினார், வாளால் நாலு பேரை வெட்டினார். சண்டை வந்தால் அம்மா சுருக்கச் சொல்வார். அவர் சாப்பிட்டாரா, எங்கே படுத்தார், அதைச் சொல்லு என்பார். ஒரு நாள் கோபமும் வந்தது. "நாலு பேர வெட்டினவருக்கு ஒரு காயிதம் போட ஏலாதாமா?"

பதினோராம் வருடம் துரை வீட்டு வாசலில் வந்து நின்றார். மனைவி அடையாளம் கண்டுகொண்டாள். அம்மா அழவில்லை. தாளில் கையெழுத்து வைத்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்து, இன்னும் இரண்டு பக்கம் கிடக்கிறதே என்றார்.

அதை நான் பள்ளியில் முன்னமே விரல் வைத்து வாசித்திருந்தேன். எழுதியவர் தன் சொந்தப் பெயரில் எழுதிய பக்கங்கள். உண்மையான பிரபுவை அந்தச் சண்டைக்குப் பிறகு ஒருவரும் காணவில்லை, குதிரை வந்ததற்குப் பின்னால் உள்ளதெல்லாம் தன் கற்பனை, அவருடைய மனைவி முப்பத்திரண்டு வருடம் காத்திருந்து அதே வீட்டில் இறந்தாள் என்று எழுதியிருந்தார்.

"அது வேற புத்தகங்கள்ற விளம்பரம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு அம்மா தொலைபேசி "காட்" வாங்கி மாமிக்கு எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். துரையின் கதையை முதலிலிருந்து சொன்னார்.

"இது கட்டுக்கத இல்லகா. உண்மையா நடந்தது. புள்ள வாசிச்சவள். பதினொரு வருசத்தால வந்து நிண்டிருக்கான்."

மாமி ஒன்றுதான் கேட்டார்.

"அவன்ட பொஞ்சாதி அதுவரைக்கும் பொட்டு வெச்சிருந்தாளா மச்சாள்?"

"வெள்ளக்காரிக்கு ஏதுகா பொட்டு" என்று அம்மா சிரித்தார். போர் முடிந்த வைகாசிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கண்டேன்.

"அப்ப நானும் இரிக்கன்" என்றார் மாமி.

கிரியை நடக்கவில்லை. வந்த இடம் வேறு வீட்டுக்குப் போனது. நான் அந்த அறையில்தான் நின்றேன். அடி விழும் என்று பயந்து பேசாமல் இருக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

படிப்பை நான் அதிகம் தொடரவில்லை. ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. போன வருடம் மட்டக்களப்புக்குப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வரவில்லை. மாமிக்கு நாற்பது தாண்டிவிட்டது. வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுக்கிறார். நெற்றியில் பொட்டு இருந்தது. அவர் தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்து, அந்த இரண்டு பக்கங்களைப் பற்றிச் சொன்னேன். குதிரை வரைக்கும்தான் உண்மை என்றேன்.

மெசின் நின்றது.

"துரைட பொஞ்சாதி என்ன செஞ்சாள்?"

அதையும் சொன்னேன். முப்பத்திரண்டு வருடம்.

மாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "தெரிஞ்சிருந்தா அந்த எடத்துக்குப் போயிருப்பனோ, தெரியாது புள்ள. ஆனா ஒருக்கா யோசிச்சிருப்பன்." சட்டையை உதறி மடித்து, "மச்சாள்ட இதச் சொல்லிராத" என்றார்.

சொல்லவில்லை. அந்த நூலகம் இப்போது அங்கே இல்லை. புத்தகத்தை விசாரித்தேன், கழித்துவிட்டார்களாம். காட் வாங்கிப் பேசுகிற காலமும் போய்விட்டது. அம்மா கைத்தொலைபேசியிலேயே ஞாயிறு தோறும் மாமியோடு கதைக்கிறார். தம்பி வந்தால் எந்த அறையைக் கொடுப்பாய் என்று போன கிழமை கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"முன்னறையத்தான் மச்சாள்" என்றார் மாமி. "அங்கதான் காத்து வரும்."