நாலு அங்குலமா, இரண்டு அங்குலமா: நாயாற்றுப் பாதைக்கு ஒரு பழைய பிக்கப்பை உயர்த்துதல்

என் பெயர் இராசையா குகதாசன். வட்டக்கச்சியில் வசிக்கும் நில அளவையாளன், வயது ஐம்பது. இருபத்தாறு வருடப் பழைமையான, நான்கு கதவுள்ள என் ஃபோர்வீல் பிக்கப்பின் சஸ்பென்சனை எத்தனை அங்குலம் உயர்த்துவது என்று தீர்மானிப்பதற்காகச் சென்ற சனிக்கிழமை நாயாறு வரை போய் வந்தேன். பழைய வாகனம் வைத்திருப்போரும் மாரிக்கு முன் அதைச் சீர்செய்ய எண்ணுவோரும் பயன்பெறலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தமக்கையின் மகள் தர்சினி நாயாற்றில் வாழ்கிறாள். கணவர் ரூபன் கடற்றொழிலாளி. அவர்களுடைய வீட்டுக்கும் தார் வீதிக்கும் இடையில் 2.3 கிலோமீற்றர் மணற்பாதை. அதன் நடுவில் ஒரு பள்ளம். கடல்நீரேரியின் வாய் மணலால் அடைபட்டிருக்கையில் மழை பெய்தால் அப்பள்ளத்தில் நாட்கணக்காக நீர் தேங்கும். தர்சினிக்கு முதற்பிள்ளை பிறந்த மார்கழியில் அம்புலன்ஸ் பள்ளத்தின் மறுகரையிலேயே நின்றுவிட்டது. ரூபனும் அயலவர் மூவரும் அவளைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்திக் காவிச் சென்றார்கள். நடுத்தண்ணீரில் கதிரையின் ஒரு கால் வளைந்தது. தாயும் பிள்ளையும் தப்பியது அவர்களின் தோள்வலிமையால்.

இவ்வருடமும் மார்கழி நடுப்பகுதியில்தான் நாள் குறித்திருக்கிறார்கள். "மாமா, இந்தமுறை கதிரை வேண்டாம்" என்று தொலைபேசியில் சொன்னாள். வாகனம் வரும் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாகனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் நெற்செய்கையாளர் ஒருவரிடம் வாங்கினேன். அன்று முதல் என்னைத் தவிர வேறெவரும் அதை ஓட்டியதில்லை. ஒவ்வொரு ஓட்டமும் கொப்பியில் பதிவாகும். இரண்டாவது திறப்பு, அதாவது மாற்றுச் சாவி, அலுமாரியில் கடித உறையொன்றில் இருக்கிறது.

காலை 5.40க்குப் புறப்பட்டேன். பரந்தன் சந்திக்கு 11 கிலோமீற்றர். அங்கிருந்து முல்லைத்தீவு வீதியில் தருமபுரம், விசுவமடு தாண்டிப் புதுக்குடியிருப்பு 33 கிலோமீற்றர். வீதி நன்று, ஆனால் விசுவமடுவுக்குப் பிறகு மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும், ஹோர்ன் அடித்தாலும் எழும்பா. விசுவமடுவில் ஒரு பிளேன்ரீயும் இரண்டு உளுந்து வடையும் 180 ரூபா. வடை சூடாயிருந்தது.

புதுக்குடியிருப்பில் யோகனின் கராஜுக்கு 7.10க்குச் சேர்ந்தேன். யோகன் என்னிலும் ஐந்து வயது இளையவர்; பழைய பிக்கப்புகளில் கைதேர்ந்தவர். நான் தயாரித்த தாளை அவரிடம் நீட்டினேன். தயாரிப்பாளரின் கைநூலில் உள்ள உயரங்கள் ஒரு நிரலில், நான் அளந்தவை மறு நிரலில். கைநூலில் உள்ளதைவிடப் பின்பக்கம் 6 சென்ரிமீற்றர் கூடியிருந்தது. பெரிய ரயர் காரணம் என அருகில் குறிப்பெழுதியிருந்தேன். முன்பக்கம் அப்படிக் கூடவில்லை என்பதற்கு நான் குறிப்பு எதுவும் எழுதவில்லை. இதை வாசிப்பவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

"நாலு அங்குலம் உயர்த்த வேண்டும்" என்றேன்.

யோகன் தாளைப் பார்த்தார், வாகனத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "ஆர் சேர் ஏறப்போறது? யானை பிடிக்கிற ஆக்களோ?"

பிள்ளைத்தாச்சி என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

வழிகளை அவர் விளக்கினார். பின் அச்சுக்கும் பாரந்தாங்கும் வில் பிளேட்டுக்கும் இடையில் இரும்புக் கட்டை வைப்பது ஒன்று. மலிவு, ஆனால் மணலில் முறுக்கும்போது கட்டை நழுவக்கூடும். பிளேட்டின் நுனியைத் தாங்கும் கொளுவியை நீளமாக்குவது இரண்டாவது, ஓட்டம் தளம்பும். மூன்றாவது, பிளேட் தொகுதியையே உரிய வளைவுள்ள புதியதாக மாற்றி, அதற்கேற்ற நீளமான சொக் அப்சோர்பர் போடுவது. முன்பக்கத்தில் பிளேட்டுக்குப் பதில் முறுக்குக் கம்பி இருப்பதால் அதை ஓரளவு திருகினால் போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் திருகினால் அச்சு மூட்டுகள் கோணலாகி விரைவில் தேயும். நாலு அங்குலம் வேண்டுமானால் முன்பக்கத்தையே வெட்டி ஒட்ட வேண்டும்.

"வெறும் வாகனத்தை அளந்துகொண்டு வந்து என்னட்டைக் கேக்கிறியள். போய் அந்தப் பிள்ளையை ஏத்திப் பாத்திட்டு வாங்கோ. பிறகு கதைப்பம்."

ஆலோசனைக்கு எவ்வளவு என்று கேட்டேன்; காசு கேட்டேனா என்பதுபோல் கையை அசைத்து அனுப்பிவிட்டார்.

வட்டுவாகல் பாலம் ஒடுக்கமானது. எதிரே வாகனம் வந்தால் பொறுத்திருக்க வேண்டும். எனக்கு ஆறு நிமிடம் சென்றது. முல்லைத்தீவிலிருந்து தெற்கே நாயாறு 19 கிலோமீற்றர். மணற்பாதையின் தொடக்கத்தில் ரூபன் சைக்கிளோடு காத்திருந்தார். நேரம் 8.50.

முதலில் பள்ளத்தை அளந்தோம். கோடையில் அது வெறும் வெண்மணல். சென்ற மாரியில் நீர் எவ்வளவு நின்றது என்று கேட்டேன்.

"முழங்காலுக்கு மேலை, மாமா."

"ஆருடைய முழங்கால்?"

ரூபன் யோசித்தார். "என்ரை எண்டு வையுங்கோ. தர்சினியின்ரை எண்டால் தொடை."

நல்லவேளையாக வேலிக்கட்டையில் நீர் நின்ற அடையாளம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. நாடா 44 சென்ரிமீற்றர் காட்டியது. தேங்கிய நீர், ஓட்டமில்லை. அதுதான் இங்குள்ள ஆறுதல். என் வாகனத்தில் முன்கதவின் அடிவிளிம்பு 49, பின்கதவின் அடிவிளிம்பு 53. நீரில் செல்லும்போது முன்னால் எழும் அலைக்கு 10 சென்ரிமீற்றர் விட வேண்டும் என்பது என் கணக்கு. முன்பக்கம் ஐந்து சென்ரிமீற்றர் குறைகிறது. அதாவது இரண்டு அங்குலம். நாலு அங்குலம் எடுத்தால் இன்னும் பாதுகாப்பு என்றே அப்போதும் நினைத்தேன்.

வீட்டு முற்றத்தில் ரூபன் வள்ளம் ஏற்றி இறக்கும் பனங்குற்றித் துண்டங்கள் கிடந்தன. பத்துச் சென்ரிமீற்றர் தடிப்புள்ள நான்கைத் தேர்ந்து, நான்கு சில்லுகளையும் அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தினேன். நாலு அங்குலம் உயர்த்திய வாகனம் எப்படி நிற்கும் என்பதை ஐந்து சதச் செலவில்லாமல் பார்க்கும் வழி இது. யோகன் சொன்னபடி தர்சினியை ஏறச் சொன்னேன்.

பின்கதவின் விளிம்பு 63இல் நின்றது. அவள் ஒரு காலைத் தூக்கினாள்; எட்டவில்லை. கைபிடியைப் பற்றி எம்பினாள், வயிறு இடித்தது. ரூபன் பின்னால் தாங்க ஓடினார்.

"விடுங்கோ, விடுங்கோ" என்று இறங்கி மூச்சு வாங்கினாள். "மாமா, உங்கடை வாகனம் தண்ணி தாண்டும்தான். ஆனால் பிள்ளை வெளியிலைதான் பிறக்கும்."

என் தாளில் நிலத்துக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள அளவு இருந்தது. ரயரின் விட்டம் இருந்தது. கதவின் உயரம் நீருக்காக இருந்தது. தர்சினியின் கால் எவ்வளவு உயரும் என்பதற்கு நிரலே இருக்கவில்லை.

குற்றிகளை அகற்றியதும் சிறு வாங்கொன்றை வைத்து ஏறிக்கொண்டாள். பாதை முழுதும் மெதுவாக ஓட்டினேன். மணிக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் போகவில்லை. ஆயினும் ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் தூக்கிப் போட்டது.

"ரூபனின்ரை ஐஸ் லொறி இதைவிடப் பரவாயில்லை" என்றாள்.

"நான் ஓட்டின ஐஸ் லொறி" என்று ரூபன் திருத்தினார். "லைசன்ஸ் இருக்கு, மாமா. நாலு வருசம் ஓட்டினனான்."

திரும்பி வந்து சுறாப்புட்டும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் தர்சினி ஒரு கேள்வி கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"மழை வந்தால் தண்ணி இஞ்சை. நான் இஞ்சை. மாமா வட்டக்கச்சியிலை, வாகனமும் வட்டக்கச்சியிலை. அப்ப எப்பிடி?"

83 கிலோமீற்றர், இரண்டேகால் மணித்தியாலம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிரசவ நோ தொடங்கியவளிடம் சொல்லக்கூடிய எண் அன்று. என் கணக்குகள் அனைத்திலும் வாகனம் பள்ளத்தின் பிழையான கரையில் நின்றது. மழைக்கு முன்பே எங்களுடன் வந்து இருக்கச் சொன்னேன். மூத்தவனின் பாலர் பாடசாலையையும், ரூபனின் தொழிலையும், தன்னைப் பார்க்கும் மருத்துவமாதுவையும் விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள்.

பின்னேரம் 3.30க்கு மீண்டும் கராஜ். யோகனிடம் நடந்ததைச் சொன்னேன். வாகனத்தின் பின்பக்கத்தை ஜக்கில் ஏற்றி, பிளேட்டுகளைச் சுற்றி வரிந்திருந்த பழைய உழவுமெசின் ரியூபைக் கத்தியால் கீறினார். சேறு போகாதிருக்கத் தயாரிப்பாளர் போட்ட உறை என்று நான்கு வருடங்களாக நம்பி, ஒவ்வொரு சேர்விசிலும் அதைக் கவனமாகத் துடைத்து வைத்திருந்தேன். உள்ளே ஐந்து பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. இரண்டு தடித்தவை.

"உழவுமெசின் பெட்டியின்ரை பிளேட், சேர். நெல்லு மூட்டை ஏத்திற ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதான். இருபது மூட்டை ஏறினால் வாகனம் குந்தாமல் நிக்கும். மூட்டைக்கு முதுகு நோகாதே."

"காலமையே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் தாளைத்தானே காட்டினியள். ரயர் பெரிசு எண்டு வேறை எழுதி வைச்சிருந்தியள். படிச்ச மனுசன், எனக்கேன் வம்பு? பிள்ளையை ஏத்தினால் வாகனமே சொல்லும் எண்டு விட்டிட்டன்."

கைநூலுக்கும் என் அளவுக்கும் இடையிலிருந்த 6 சென்ரிமீற்றர் இதோ துருப்பிடித்துக் கிடந்தது.

தீர்வு இதுதான். நெல் மூட்டைக்காகச் செருகிய இரண்டும் போகும். ஆட்களைச் சுமப்பதற்கான மென்மையான புதிய பிளேட் தொகுதி பின்னால். கைநூல் உயரத்திலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் கூடுதல். அதற்குரிய சொக் அப்சோர்பர் நான்கு. முன்பக்க முறுக்குக் கம்பியை ஐந்து சென்ரிமீற்றருக்குத் திருகி, பிறகு சில்லுகளின் சீரமைப்பைச் சரிபார்ப்பது. அப்போது இரண்டு கதவுகளும் ஏறக்குறைய 54இல் நிற்கும்: நீருக்கு மேல் பத்து. பின்கதவின் கீழ், நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றரில் ஒரு மடக்குப்படி. கூலியோடு 1,68,000 ரூபா சொன்னார். நாலு அங்குலத்துக்கு அதன் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும்.

இதே வேலையைச் செய்ய எண்ணுவோருக்குச் சில வார்த்தைகள். அளப்பதற்கு முன் வாகனத்தின் கீழ் குனியுங்கள். சுற்றியிருப்பதைக் கழற்றிப் பிளேட்டுகளை எண்ணுங்கள். வன்னியில் நெல் ஏற்றிய வாகனம் எதுவும் தொழிற்சாலை உயரத்தில் நிற்பதாக நம்பாதீர்கள். ஏறப்போகிறவரைக் கூட்டிச் சென்று, பலகையோ குற்றியோ வைத்து உயர்த்திப் பாருங்கள். அரைமணி நேர வேலை. இத்தகைய மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கடிதம் அனுப்பிவிட்டேன். உயர்த்திய வாகனமானாலும் ஓடும் நீரில் இறங்க வேண்டாம். தேங்கிய நீரிலும் முதலில் தடியால் அளந்தே இறங்க வேண்டும்.

அந்த 6 சென்ரிமீற்றருக்குப் பிழையான காரணம் எழுதியவன் நான். தர்சினியின் கேள்விக்கும் அப்படி ஒரு காரணம் எழுதி வைத்துவிடலாம். வைக்கப்போவதில்லை.

வருகிற திங்கட்கிழமை வாகனத்தை யோகனிடம் ஒப்படைப்பேன். வேலை முடிந்ததும் தர்சினியை மீண்டும் ஏற்றி அதே பாதையில் ஓட்டிப் பார்ப்பேன். அவள் சரி என்று சொல்லும்வரை ஏற்றுக்கொள்ள மாட்டேன். ரூபனின் பெயரையும் சாரதியாகக் காப்புறுதியில் சேர்ப்பேன். கார்த்திகை முதலாந் திகதி வாகனத்தை நாயாற்றில் அவர்களுடைய முற்றத்தில் நிறுத்தி, பதிவுக் கொப்பியை ரூபனின் கையில் கொடுத்து, அலுமாரியில் இருக்கும் இரண்டாவது திறப்பைத் தர்சினியின் குசினி ஆணியில் கொழுவிவிட்டு, பஸ் ஏறி வீடு திரும்புவேன். பிள்ளை பிறக்கும்வரை வேலைக்குச் சைக்கிளில் போவேன்.