குழாய் லினார்தோஸின் குறிப்புப் பத்தி

எங்கள் தாத்தா பெயர் லினார்தோஸ் நோமிக்கோஸ். அவருக்கு இரண்டு மகன்கள். இருவரும் தங்கள் தலைப்பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வைக்காமல் விட்டிருந்தால்தான் சண்டை வந்திருக்கும். அதனால் இந்தக் கிரேக்கத் தீவில் இரண்டு லினார்தோஸ் நோமிக்கோஸ்கள். ஒருவன் நான். இன்னொருவன் பெரியப்பா மகன், என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன்.

நூற்றிருபது பேர் உள்ள ஊரில் பட்டப்பெயர் இல்லாமல் காலம் தள்ள முடியாது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் அவன் 'குழாய்'. நான் 'எழுத்தாளர்'.

இருபத்தாறு வயதில் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, இனி எழுதப்போகிறேன் என்று சொன்னேன். அன்று மாலையே அந்தப் பெயர் விழுந்தது. கேலிக்குத்தான். முப்பது வருடத்தில் கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றது. வேறு எதுவும் நிற்கவில்லை என்பதால் அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

காலை ஆறு முதல் பத்து வரை எழுதுவேன். கோடையில் அதன்பின் வாடகை அறைகள் இரண்டிற்கும் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும். குளிர்காலத்தில் மற்றவர்களுக்காக எழுதுவேன்: மனுக்கள், கல்லறைக் கல்லுக்கு வாசகம், ஏதென்ஸில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் இதழுக்கு இரங்கல் குறிப்புகள். "எழுத்தாளரே, எங்க அப்பாவப் பத்தி நாலு வரி. கொஞ்சம் அழுகை வர்ற மாதிரி" என்பார்கள். அழுகை வரும்படி எழுதிக் கொடுப்பேன். சொந்தச் செலவில் இரண்டு புத்தகம் போட்டேன். மூன்றாவது ஒரு நாவல், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பதினொரு பதிப்பகங்களுக்கு அனுப்பியிருந்தேன். நால்வர் வேண்டாம் என்று பதில் போட்டார்கள். மற்றவர்கள் அதுவும் செய்யவில்லை.

குழாய் எழுதுவான் என்று எனக்குத் தெரியாது. அவன் எழுதுவது அவனுக்கே தெரியாது.

மார்ச் மாதம். காற்றினால் ஐந்து நாள் கப்பல் வரவில்லை. ஆறாம் நாள் வந்தது. தபால் மூட்டையை வழக்கம்போல மருஸோவின் காப்பிக்கடையில் அவிழ்த்தார்கள். தபால் பிரிப்பது அவள் வேலை இல்லை. ஆனால் அவள்தான் பிரிப்பாள்.

"எழுத்தாளரே, ஏதென்ஸ்லேருந்து உனக்கு ஒண்ணு. கனமா இருக்கு. யாரு மேலயாச்சும் அவதூறு எழுதி மாட்டிக்கிட்டியா?"

உறையின் மேல் 'எழுத்தாளர் திரு. லினார்தோஸ் நோமிக்கோஸ்' என்று அச்சிட்டிருந்தது. மூலையில் நான் நாவல் அனுப்பிய பதிப்பகம் ஒன்றின் பெயர். நான் அதை இரண்டு முறை தடவிப் பார்த்ததை மருஸோ கவனித்துவிட்டாள்.

"வாயத் திறந்து படி. ஊருக்கே கேக்கட்டும்."

முதல் தாளை எடுத்துப் படித்தேன். 'உங்கள் பக்கங்களை ஒரே மூச்சில் படித்தோம். எதையும் சேர்க்காமல் இப்படி எழுதுகிறவர்கள் குறைவு. வரும் இலையுதிர்காலத்தில் நூலாக வெளியிட விரும்புகிறோம்.'

'எதையும் சேர்க்காமல்' என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினேன். என் நாவலில் ஒரு சூரிய அஸ்தமனம் மட்டும் மூன்று பக்கம். ஆனாலும் அதை ஒருவராவது சரியாகப் புரிந்துகொண்டாரே என்று நினைத்தேன்.

"எல்லாருக்கும் ஊத்து, மருஸோ. நான் வாங்கித் தர்றேன்" என்றேன்.

ராக்கிச் சாராயம் வந்தது. சுட்ட ஆக்டோபஸ் வந்தது. மீன்காரர் நிக்கித்தாஸ் கிளாஸைத் தூக்கி, "நல்லா ஊர் சுத்தி வரட்டும் உன் புஸ்தகம்!" என்றார். "இனிமே நாங்கள்லாம் உன் கண்ணுக்குத் தெரிவோமாடா?"

"இதுக்கு முன்னாடி மட்டும் தெரிஞ்சோமாக்கும்" என்றாள் மருஸோ.

செய்தி கேட்டுக் குழாய் ஓடிவந்தான். கையெல்லாம் மசகெண்ணெய். அதோடு என்னைக் கட்டிப்பிடித்தான்.

"எனக்குத் தெரியும்டா. தெனம் காலைல வேலைக்குப் போறப்ப, ஜன்னல்ல நீ குனிஞ்சு உக்காந்திருக்கறதப் பாத்துட்டுத்தானே போறேன். முப்பது வருசம்டா! இவ்வளவு குனிஞ்சவனுக்குக் கிடைக்காம போயிடுமா?"

அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு இரண்டாவது கிளாஸை நானே ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்துதான் உறையில் மீதி இருந்ததை எடுத்தேன். இரண்டாம் தாள் இப்படித் தொடங்கியது: 'சீரோஸ் தீவின் நீர்வள அலுவலகத்துப் பொறியாளர் எங்களுக்குக் காட்டிய மூன்று பதிவேடுகளில், முக்கியமாகத் தண்ணீர் நின்ற நாட்களின் குறிப்புகளில்...'

நான்கு முறை படித்தேன். கூடவே ஒப்பந்தப் படிவம். பெயர், குடும்பப் பெயர், தந்தை பெயர், கையெழுத்து. முதல் இரண்டு கட்டங்களையும் நான் பொய் சொல்லாமலே நிரப்பலாம். இந்த நாட்டில் எங்கள் இருவரையும் பிரிப்பது மூன்றாவது கட்டம் ஒன்றுதான். அவன் அப்பா ஸ்தாத்திஸ். என் அப்பா யாக்குமிஸ். மாத முடிவுக்குள் கையெழுத்து வர வேண்டும் என்று போட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக் கப்பலை விட்டால் அதற்குள் வேறு கப்பல் இல்லை.

மதியம் குழாய் வேலை பார்க்கும் பம்ப் கொட்டகைக்குப் போனேன். சங்கத்து இதழுக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதாகவும், பழைய பதிவேடுகள் வேண்டும் என்றும் சொன்னேன்.

"அந்த அலமாரில இருக்கு பாரு. அதுல மூணு இங்க இல்ல. சீரோஸ் இன்ஜினியர் செக் பண்றேன்னு எடுத்துட்டுப் போனாரு, திருப்பியே தரல. பாத்து, எண்ணெய் ஒட்டும்."

பதினொரு பதிவேடுகள். தேதி, அழுத்தம், உப்பு அளவு, ஓடிய மணி. கடைசிப் பத்தி 'குறிப்புகள்'. வால்வு மாற்றியது, வடிகட்டி கழுவியது போன்றவற்றை எழுத அலுவலகம் விட்ட இடம். அதில் அவன் எழுதியிருந்தான்:

'நவம்பர் 9. அழுத்தம் 58. மருஸோ போன் செய்தாள். தலையில் சோப்பு என்றாள். பொறு என்றேன். சோப்பு பொறுக்காது என்றாள்.'

'ஆகஸ்ட் 15. அழுத்தம் 41. மாதா திருநாள். எல்லாரும் ஒரே நேரத்தில் குளித்தார்கள். கோயிலில் எல்லாருக்கும் ஈரத் தலை. என் வேலை கண்ணுக்குத் தெரிந்தது.'

'பிப்ரவரி 20. அழுத்தம் 60. நிக்கித்தாஸின் மனைவியை அடக்கம் செய்தோம். அந்த வீட்டில் நாளுக்கு நூற்றிருபது லிட்டர் ஓடும். இன்று ஏழு.'

அந்தச் சாவுக்கு நான் சங்கத்து இதழில் முக்கால் பக்கம் எழுதியிருந்தேன். 'கடல் தன் மகளை அழைத்துக்கொண்டது' என்று முடித்திருந்தேன். அவள் இறந்தது சர்க்கரை நோயில்.

எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, தொப்புளுக்கு மேலே ஒரு இடத்தில் நிஜமாகவே எரிந்தது. குறை தேடினேன். ஒரு பக்கத்தில் இரண்டு எழுத்துப்பிழை கிடைத்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பும்வரை அது ஆறுதலாக இருந்தது. இவன் ஒருநாளும் ஒரு வரியை அடித்துத் திருத்தியதில்லை. ஆறு மணிக்கு எழுந்ததில்லை. எழுந்தாலும் வால்வு திறக்கத்தான். ஒரு புத்தகத்தையும் முடிவுவரை படித்ததில்லை. என் இரண்டு புத்தகங்களும் அதில் சேர்த்தி. இவனுக்கு யார் கொடுத்தது இதை? எனக்கு ஏன் கொடுக்கவில்லை?

"என்னடா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ராக்கி ஒத்துக்கலியா?"

சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவன் முன்னால் போட்டேன். "லெட்டர் உனக்குடா."

கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தாளையும் படித்தான். சிரித்தான். "இதையா? மருஸோ சோப்பையா? பைத்தியமா அவங்களுக்கு?" பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ஊருக்கே ஊத்திட்டியேடா."

"ஆமா."

"இப்பப் போயி எனக்குன்னு சொன்னா உன்ன விட்டு வைப்பானுங்களா?" எழுந்து ஒரு வால்வை அரைச்சுற்றுத் திருப்பினான். "பேரு ஒண்ணுதானே. நீயே போட்டுக்கோ. எனக்கெதுக்கு? எனக்குச் சம்பளம் வருது. நீ எழுத்தாளர்."

மனப்பூர்வமாகத்தான் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை. திருடுவதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் அவன் தானமாகக் கொடுப்பான் என்று நினைக்கவில்லை.

ஒப்பந்தப் படிவமும் பேனாவும் பையில் இருந்தன. யாக்குமிஸ் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதவில்லை. நேர்மை என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். காரணம் அது இல்லை. இதைப் படித்துவிட்டு யாராவது இன்னொன்று கேட்டால், என்னால் ஒரு வரிகூட இதைப்போல எழுத முடியாது. அது தெரிந்துவிட்டது.

ஸ்தாத்திஸ் என்று எழுதிப் பேனாவை நீட்டினேன். "போடு கையெழுத்த."

"கோவமாடா?"

"போடுடா."

போட்டான். கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

மறுநாள் காப்பிக்கடையில் நின்றுகொண்டே சொன்னேன். "அந்த லெட்டர் எனக்கு இல்ல. குழாய்க்கு."

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"அப்ப நேத்து குடிச்சத என்ன பண்றது? கக்கவா?" என்றாள் மருஸோ. அவள் சோப்பும் அதில் இருப்பதைச் சொன்னேன். "என் தலையப் பத்தியா? ஏதென்ஸ்ல படிப்பாங்களா?" என்று முடியைச் சரிசெய்துகொண்டாள்.

நிக்கித்தாஸ் கேட்டார். "என்னப் பத்தி இருக்காடா?"

"இருக்கு."

"என்னான்னு?"

"அக்காவ அடக்கம் பண்ண அன்னிக்கு. உங்க வீட்ல ஏழு லிட்டர்னு."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "கைதான் கழுவினேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார். என்னுடைய முக்கால் பக்கத்தைப் பற்றி அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

இனிமேல் அவனைத்தான் எழுத்தாளர் என்பார்கள் என்று காத்திருந்தேன். அது நடக்கவில்லை. இங்கே விழுந்த பெயர் மாறாது. "குழாய் புஸ்தகம் போடுறானாம், எழுத்தாளர் டைப் அடிச்சுக் குடுக்கறாராம்" என்றார்கள். மாற்றியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

டைப் அடிக்க நானே முன்வந்தது உண்மை. பதிப்பகம் தட்டச்சுப் பிரதி கேட்டது, அவனுக்கு டைப் அடிக்கத் தெரியாது. உதவி என்று ஊர் நினைத்தது. என்னைத் தவிர இன்னொருவர் அதை முதலில் படிப்பதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். சீரோஸிலிருந்து வந்த மூன்றையும் சேர்த்துப் பதினான்கு பதிவேடுகள். ஏப்ரலும் மேயும் காலை ஆறு முதல் பத்து வரை அதுவே வேலை. என் நேரம் அது.

எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். மற்றபடி ஒன்றையும் தொடவில்லை, பிப்ரவரி 20 வரும்வரை. 'இன்று ஏழு' என்று இருந்ததை 'இன்று வெறும் ஏழு' என்று அடித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். நன்றாக இருப்பதாகத்தான் பட்டது. அவனிடம் சொல்லவில்லை.

செப்டம்பரில் அச்சுப்பிரதி வந்தது. மெய்ப்புப் பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். குழாய் உறையைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் சமையலறையில் உட்கார்ந்தான். நூற்றுத் தொண்ணூறு பக்கம். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. எண்பத்தெட்டாம் பக்கத்தில், பிப்ரவரி 20 குறிப்பில் மட்டும் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்லை அடித்து, ஓரத்தில் 'இது வேண்டாமே' என்று எழுதியிருந்தார்கள்.

"ஏதாச்சும் தப்புப் பண்ணிருக்கேனாடா?" என்று கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு."

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க" என்றேன்.