நான் பார்க்காத கை

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதப் பிற்பகலில், சிதம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது இது. கூடைப்பந்து இறுதிப் போட்டி. நான் கடலூரில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வட்டாரப் போட்டிகளுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஸ்கோரராக இருந்தேன். யார் எத்தனை புள்ளி எடுத்தார், யார் எத்தனை ஃபவுல் செய்தார் என்று மேசையில் உட்கார்ந்து எழுதுவது என் வேலை. என் தாளில் பிழை என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அன்று நான்காம் எண் பனியனில் ஆடியவர் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை வீரர். ஆட்டம்தான் அவருக்குச் சோறு. சென்னை அணி ஒன்றின் பயிற்சியாளர் அவரைப் பார்ப்பதற்காகவே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை நன்றாக ஆடினால் மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்று மைதானம் முழுக்கப் பேச்சு.

கூடைப்பந்தில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தபோது அவர் மேல் ஒரு ஃபவுல். எழுதினேன். ஐந்து கட்டங்களும் நிரம்பிவிட்டன. ஐந்து என்று சிவப்பில் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் மேசைக்கு ஓடிவந்தார். "சார், எனக்கு நாலுதான் சார். நல்லாப் பாருங்க சார்."

எதிரணியில் ஒருவர் சிரித்தார். "போ மச்சான், போயி ஒண்ணு ரெண்டு எண்ணக் கத்துக்கினு வா."

நடுவர் என்னைக் கேட்டார். "ஷீட்ல அஞ்சுதான்" என்றேன். அதற்கு மேல் பேச்சில்லை. நான்காம் எண் வீரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்தார். அவர் அணி தோற்றது. பயிற்சியாளர் முடிவுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார்.

தாளில் கையெழுத்துப் போட வந்த நடுவர், "பதினாலாம் நம்பருக்கு மூணு ஃபவுல்தானா சார்? நாலு குடுத்த மாதிரி ஞாபகம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினான்காம் எண் வீரரும் அதே அணி. நடுவர் ஃபவுல் செய்தவரின் எண்ணைக் கையால் காட்டுவார். நான்கு என்றால் நான்கு விரல். பதினான்கு என்றால் ஒரு கையை முஷ்டியாக மூடி, மறு கையில் நான்கு விரல். ஆட்டத்தின் முற்பகுதியில் ஒருமுறை நான் எழுதிக்கொண்டிருந்துவிட்டுத் தாமதமாகத் தலை நிமிர்ந்தேன். மாற்று வீரர் ஒருவர் மேசை முன்னால் மறைத்து நின்றார். நான்கு விரல் மட்டும் தெரிந்தது. மறு கையை நான் பார்க்கவில்லை. பதினான்கின் ஃபவுலை நான்கின் வரியில் எழுதிவிட்டேன்.

நடுவர் கையெழுத்துப் போடும்வரை முறையிடலாம். போட்டபின் எதுவும் செய்ய முடியாது. வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது.

"இல்ல, மூணுதான்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதம் கழித்து கடலூரில் பெண்கள் போட்டி. காலை பதினொரு மணி, நல்ல வெயில். ஒரு பெண்ணுக்கு நான்காவது ஃபவுல் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். திடீரென்று பந்து தரையில் படும் சத்தம் கேட்கவில்லை. பெண்கள் ஓடுகிறார்கள், பந்து எழும்பி விழுகிறது, சத்தம் மட்டும் இல்லை. எதிர்க் கூடைக்குப் பின்னால் நெடிய உருவம் ஒன்று நின்றது. ஒரு கையில் நான்கு விரல். மறு கை மூடிய முஷ்டி. முகம் தெரியவில்லை; உயரம் மட்டும் அந்த நான்காம் எண் வீரரின் உயரம். கண் சிமிட்டி மறுபடி பார்த்தபோது இல்லை. சத்தம் திரும்பிவிட்டது.

பக்கத்தில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் என் தங்கை மகன். அவனைக் கேட்டேன்.

"யாரு மாமா? அங்க செவுருதான இருக்கு. ஆளு நிக்கவே எடமில்லியே."

அவன் சொன்னது சரி. கூடைக் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அடுத்தது கிள்ளையில். பிறகு மறுபடி சிதம்பரத்தில். யாருக்காவது நான்காவது ஃபவுல் எழுதும்போது மட்டும் வரும். முதலில் சத்தம் நிற்கும். பார்க்கக் கூடாது என்று நினைப்பேன், தலை தானாக நிமிரும். என்னை நடுங்க வைத்தது அந்த முஷ்டிதான். அதைப் பற்றி நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அது அந்த வீரருக்கு எப்படித் தெரியும்?

கண் மருத்துவரிடம் போனேன். கண்ணில் குறை இல்லை என்றார். ஸ்கோரர் வேலையை விட்டேன். அப்போதும் விடவில்லை. சென்ற தவக்காலத்தில் எங்கள் தேவாலயத்தில் ஒரு ஞாயிறு பூசையில் பாடல் நடுவே சத்தம் நின்றது. எல்லோர் வாயும் அசைகிறது. பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, வெயிலில், அந்தக் கைகள்.

அன்றே பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "கடவுள் மன்னிச்சுருவாரு. அந்தத் தம்பிகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

விசாரித்துக்கொண்டு மேல்பட்டாம்பாக்கம் போனேன். அவரே கதவைத் திறந்தார். உடம்பு போட்டிருந்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலையாம். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மைதானங்களுக்கு அவர் வந்து நின்றதையும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "நானா? அன்னிக்கி வெளிய வந்தவன்தான் சார். அப்பறம் எந்த கிரவுண்டுலயும் கால் வெக்கல."

அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னார். "டிவில மேட்ச் வந்தாலே மாத்திடுவாரு சார். எங்க போயி நிக்கப்போறாரு?"

வந்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். "மொத ரெண்டு வருசம் நாலுதான் நாலுதான்னு எல்லார்கிட்டயும் சண்ட போட்டேன் சார். அஞ்சு வாங்கிட்டு சார் மேல பழி போடுறியான்னு எங்கப்பா கேட்டாரு. அவுரு சாவுற வரைக்கும் அப்படியேதான் நெனச்சாரு. அப்பறம் எனக்கே அஞ்சுதான் போலிருக்குன்னு ஆயிடிச்சி. நீங்க தப்பா எழுத மாட்டீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க. நான் சண்ட போட்டவங்களுக்கு யாரு சார் சொல்லுவா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்காகத்தான் இதை எழுதி அனுப்புகிறேன். அன்று சிதம்பரத்தில் அந்த மைதானத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் சொன்னது உண்மை, பிழை என்னுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் இத்தனை ஆண்டுகள் வருந்தினேன். அவர் தன் ஞாபகத்தையே நம்பாதபடி செய்துவிட்டேன் என்பது, அவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.