எஞ்சினுக்குச் சுறா எண்ணெய்

எழுபதுகளில் செங்கல்பட்டு லோகோ ஷெட்டில் நான் ஃபிட்டர். ஏரியோரத் தண்டவாளத்தில், ஓட்டம் முடிந்த நீராவி எஞ்சின் ஒன்று நின்றது. சீமையில் செய்து, கப்பலில் துண்டு துண்டாக வந்து, இங்கே பூட்டியது. கழற்றிப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். சக்கரத்தைத் தள்ளும் இரும்புத் தண்டு, பிஸ்டன், வால்வு என்று எல்லாவற்றிலும் செய்தவன் ஒரே நம்பரை அடித்து வைத்திருந்தான். அரம் ஓடிய தடம்கூட அழியவில்லை. அடேயப்பா! எங்கப்பன் பிறப்பதற்கு முன்னாலேயே, என்னை மாதிரி எவனோ ஒருத்தன் கையால் ராவின இரும்பு. தொட்டாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

டில்லி ரயில் மியூசியத்துக்குப் பழைய எஞ்சின் தேடி ஒரு அதிகாரி வந்தார். ரிப்பேரில் பாகம் மாற்றாத எஞ்சின் கிடைப்பது அபூர்வமாம். "மழை முடிஞ்சு வரேன். நம்பரெல்லாம் படிக்கிற மாதிரி இருந்தா டில்லி. துரு தின்னுட்டா காயலான் கடைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி பிறக்கப் போகிற நேரம். துரு ஏறாமல் பூச ஸ்டோரில் எண்ணெய் கேட்டேன். ஓடுகிற எஞ்சினுக்குத்தான், செத்ததுக்கெல்லாம் கிடையாது என்றான் ஸ்டோர்காரன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அடிக்காமல் திரும்பியதே பெரிசு. ராத்திரி சோறு இறங்கவில்லை.

என் மனைவி கடப்பாக்கத்து மீன்காரர் வீட்டுப் பெண். "இன்னாய்யா, எழவு வூடு மாதிரி குந்திகினு கீற?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "பொண்டாட்டிக்கு ஜொரம்னா திரும்பிப் பாக்க மாட்ட, அந்த இரும்புக்கு அழுவுறியா?" என்று திட்டித் தீர்த்தாள். விடிந்ததும் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் ஒரு டின் சுறா எண்ணெயோடு வந்து நின்றாள். படகுக்குப் பூசுவது. கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தானாம். "எங்கூட்டுப் படகு உப்புத் தண்ணிலயே கெடக்குது. இதப் பூசித்தான் நிக்குது. உன் மழை இன்னா பண்ணிடும்?"

நாற்றம் குடலைப் பிடுங்கியது. நம்பர் இருந்த இடமெல்லாம் ரெண்டு பேரும் பழந்துணியால் பூசினோம். மழை விட்டபோதெல்லாம் மறுபடியும் பூசினோம். ஷெட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்டலடித்தார்கள். ஏரிக்கரைப் பூனை அத்தனையும் எஞ்சினடியில் குடிவந்துவிட்டது.

தை மாதம் அதிகாரி வந்தார். தண்டைத் துணியால் துடைத்தார். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அடுத்ததும், அதற்கடுத்ததும் அப்படியே. கடைசியில் அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "கருவாடா காயப்போட்டீங்க? சரி, டில்லிக்கு அனுப்பிடலாம்."

அடுத்த வருஷ ரயில்வே பாஸில் அவளை டில்லிக்குக் கூட்டிப்போனேன். மைதானம் பூரா எஞ்சின்கள்! ஒவ்வொன்றும் எவனெவனோ ராவிப் பொருத்திய இரும்பு. எங்களுடையதற்குத் தண்டு நீங்கலாகப் பச்சை பெயிண்ட் அடித்து, முன்னால் போர்டு வைத்திருந்தார்கள். செய்த கம்பெனியின் பெயர் அதில் இருந்தது.

"நம்ம பேரு எங்கய்யா?" என்று கேட்டாள்.

அவள் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தாள். அத்தனை எஞ்சினை விட்டுவிட்டு, டில்லிப் பூனை ஒன்று எங்கள் தண்டை நக்கிக்கொண்டிருந்தது.

"தோ கீதுய்யா" என்று சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.