கயிறு பிடிக்கும் மச்சான்

வடக்கே நாடு இரண்டாகப் பிரிந்த வருஷம் அது. தென்னாட்டையும் தனியே பிரிக்க வேண்டுமென்று தூத்துக்குடியில் கூட்டம் போட்டார்கள். சங்கு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் குமாஸ்தாவாக இருந்த நான், அதன் வாசலில் நின்று, "சேந்தாச்சுன்னா, பெறவு பிரிஞ்சு போக எவனுக்கும் உரிமை கிடையாது" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாள் ஒருவர், சங்கு இறக்க வந்தவர், நின்று கேட்டார். உப்பில் வெளுத்த புருவம். நாலு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்குவார்.

"கடலுக்குள்ள இருக்கவன் கயித்த அசைச்சா, படகுல நிக்கவன் உடனே தூக்கணும் ஐயா. ஏன்னு கேக்கப்படாது. அதுக்காவத்தான் பொண்டாட்டி கூடப்பொறந்தவன் கையில கயித்தக் குடுக்கோம். தங்கச்சி தாலிய எவனும் அறுக்க மாட்டாம்லா. எம் மச்சான் ஒருநா, இன்னும் நாலு சங்கு எடுக்கட்டுமேன்னு தூக்காம நின்னுட்டான். அன்னைக்குக் கெட்ட நெஞ்சுதான் இது."

"பெறவு கயித்த யார்ட்ட குடுத்தீரு?"

"அவன்ட்டதான். கயிறில்லாமக் குளிக்க முடியுமா?"

சிரிக்காமல் சொல்லிவிட்டு, வெறும் சாக்கை உதறிக்கொண்டு போனார்.

பிரிவினை வேண்டும் என்றாரா, வேண்டாம் என்றாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த உரிமையைப் பற்றி ஊரெல்லாம் பேசிய நான், ஒருநாளும் தண்ணீருக்குள் இறங்கியவனில்லை. படகில் நின்றே பேசியிருக்கிறேன்.