வெயில் பெட்டியும் பலூன் கேஸும்

வெயிலை விற்கிற வேலை என்றால் சிரிப்பீர்கள். ஆனால் வீடு வீடாகப் போய் எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் சூரிய அடுப்பில் சமைத்துக் காட்டுவது என் வேலை. உள்ளே கறுப்புப் பூசிய பெட்டி, அதற்குக் கண்ணாடி மூடி, வெயிலைத் திருப்பிவிட மேலே ஒரு முகக்கண்ணாடி, அவ்வளவுதான். அடி அண்ணாமலை என்ற ஊரில் பௌர்ணமிக்குள் ஒரு வீடாவது வாங்காவிட்டால் வேலை இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

நல்ல கூட்டம்

முதல் நாள் தெருவே கூடிவிட்டது. நான் மூச்சுவிடாமல் பேசப் பேச, முன்னால் நின்ற அக்கா ஒருத்தர் பொட்டைச் சரிசெய்தார், பூவைச் சரிசெய்தார், திரும்பி நின்று பின்னலையும் பார்த்துக்கொண்டார். நான் பேசி முடித்ததும் கேட்டார்: "ஏம்மா, இந்தக் கண்ணாடிய மட்டும் தனியா குடுப்பீங்களா?"

டவுன் வெயில்

மறுநாள் ஏழு மணிக்கே அரிசியை வைத்து, "பத்து மணிக்குச் சோறு ரெடி" என்று வாக்குக் கொடுத்தேன். திருவண்ணாமலை டவுனில் எங்கள் வீட்டுக்கு மலை மேற்கே. விடிந்ததுமே வாசலில் வெயில். இந்த ஊருக்கோ மலை கிழக்கே. எட்டு மணிக்கும் பெட்டி நிழலில்தான் கிடந்தது. பத்து மணிக்குத் திறந்தால் அரிசி நன்றாக ஊறியிருந்தது. கழனிக்குப் போன பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டவுன் வெயில நம்பி வந்துட்டியேம்மா, எங்க வெயிலு மலை ஏறித்தான் வரணும்."

தண்ணீரிலிருந்து கேஸ்

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் என்னைப் பயமுறுத்தியே விட்டார். "இதெல்லாம் சின்ன விஷயம்மா. வரப்போறது ஹைட்ரஜன். தண்ணியப் பிரிச்சா கெடைக்கும். எரிச்சா புகையே வராது, மறுபடி தண்ணிதான். உன் வெயில ராத்திரிக்கு எடுத்து வைக்க முடியுமா? இத சிலிண்டர்ல அடைச்சு வைக்கலாம்."

இது வந்தால் என் பெட்டியை யார் வாங்குவார்கள்? இருந்தாலும் கேட்டேன். "தண்ணியப் பிரிக்க என்ன சார் வேணும்?"

"கரண்ட்."

"கரண்ட்டுக்கு?"

வாத்தியார் மேலே பார்த்துச் சிரித்துவிட்டார்: "வெயில்லேர்ந்தும் எடுக்கலாம்மா."

பௌர்ணமிப் பழையது

பௌர்ணமியும் வந்துவிட்டது. ஒரு வீடும் வாங்கவில்லை. அன்று கூட்டி வந்திருந்த, இடுப்பிலிருந்த என் மகள் பலூன் கேட்டு அழுததால் அந்த ஊர்ப் பலூன்காரர் வீட்டுக்குப் போனேன். மலை சுற்ற வரும் கூட்டத்துக்காக, இரும்பு உருளையில் தண்ணீரோடு காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துண்டும் போட்டு கேஸ் பிடித்துக்கொண்டிருந்தார். அது என்ன கேஸ் என்று கேட்டேன். வாத்தியார் சொன்ன அதே ஹைட்ரஜன்!

அவர் மனைவி பழைய சோறு பிசைந்துகொண்டிருந்தார். "தீ பட்டா வெடிச்சிடும்மா. கேஸ் புடிக்கிற அன்னிக்கு நாங்க அடுப்பே பத்த வைக்கறதில்ல" என்றார்.

மலையைத் தாண்டி வெயில் வந்ததும், அவர்கள் வாசலிலேயே என் பெட்டியில் அரிசியும் பருப்பும் வைத்துவிட்டு மகளோடு உட்கார்ந்துவிட்டேன். மதியம் மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடித்தது. தீயும் இல்லை, புகையும் இல்லை. உருளையிலிருந்து கையை எடுக்க முடியாத பலூன்காரர், மனைவி ஊட்டிய சுடுசோற்றை மென்றுகொண்டே சொன்னார்: "ஒண்ணு எழுதிக்கோம்மா, கண்ணாடியோடதான வரும்?"

என் வேலைக்கு வேட்டு வைக்கும் என்று நான் பயந்த ஹைட்ரஜன்தான் என் வெயிலுக்கு முதல் கிராக்கியைப் பிடித்துக் கொடுத்தது என்பதால், அன்று மகள் கையில் ஒன்றுக்கு இரண்டு பலூனாகவே வாங்கிக் கொடுத்தேன்.