பள்ளி வேலை

எங்கள் வீட்டில் பள்ளி என்றால் பள்ளிவாசல். பிள்ளைகள் படிக்கிற இடத்தைப் பள்ளிக்கூடம் என்று முழுசாகச் சொல்வோம், அவசரத்தில் இஸ்கூல் என்போம். வெறும் பள்ளி என்றால் அது தொழுகிற இடம்தான், வேறு அர்த்தமே கிடையாது. என் வாப்பாதான் அங்கே மோதினாராக இருந்தார். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வது, கைகால் கழுவுகிற தொட்டியில் தண்ணீர் நிறைப்பது, பாய்களைத் தட்டி விரிப்பது, நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கிற நேரத்துக்கு நகரா முரசை அடிப்பது, எல்லாம் அவர் வேலை. யாராவது வாசலில் வந்து 'வாப்பா எங்கம்மா?' என்று கேட்டால், 'பள்ளி வேலையாப் போயிருக்காக' என்று சொல்லிச் சொல்லி என் வாயே தேய்ந்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாத ஒரு மனிதர் கரும்பலகையில் எழுதிய ஒரு வரியால் எங்கள் குடி கெட்டது. அவரால் மட்டும்தானா என்றால் இல்லை. அதற்கும் வருகிறேன்.

அறுபதுகளின் பின்பாதி. இராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறினால் கடலில் கொண்டுபோய் விடுகிற ரோட்டில் எங்கள் ஊர். நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் ஐந்தோடு நின்றுவிடுவார்கள். அதற்கு மேல் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. வாப்பாதான், 'இந்த வேலை இருக்குற வரைக்கும் நீ படி புள்ள, பேசுறவுக பேசட்டும்' என்று சொல்லியிருந்தார். நாங்கள் குடியிருந்த ஓலை வீடு பள்ளிக்குச் சொந்தம். அரிசி, ஊர் வீடுகளிலிருந்து பள்ளி வேலைக்காக வருவது. வேலை போனால் வீடும் அரிசியும் போகும், நான் உம்மாவோடு உட்கார்ந்து ஓலைப் பெட்டி முடைய வேண்டியதுதான். இது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

வாத்தியார் புதுசு. உள்நாட்டுப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டுப் பிள்ளை, டிரெயினிங் முடித்த கையோடு எங்கள் ஊருக்கு வந்தவர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் பிடிபடும். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற டி.ஐ. வரப்போகிறார் என்றதும் மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: 'நான் செய்த பள்ளி வேலை.'

"ஏலே, எல்லாரும் கேளுங்க. புத்தகத்துல இருக்கறத எழுதக் கூடாது. இந்த வருசம் நீங்க செஞ்சத நீங்களே திரும்பிப் பாத்து எழுதணும். என்ன செஞ்சீங்க, எப்படிச் செஞ்சீங்க, எங்கன தப்பு விட்டீங்க, அதுலருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க. தப்ப மறைச்சு எழுதுனா மார்க் கெடையாது, சொல்லிட்டேன்."

நான் எழுந்து, "சார், இத யாரு படிப்பாக?" என்று கேட்டேன்.

"நானும் டி.ஐ.யும் படிப்போம். வேற ஆரு படிக்கப் போறா? நல்லா எழுதுறவுக வீட்டுக்கு நானே வாரேன். மேல படிக்க வைங்கன்னு எடுத்துச் சொல்றேன்."

அது போதாதா எனக்கு? மேல படிக்க வைக்கச் சொல்ல ஒரு வாத்தியாரே வீடு தேடி வந்தால் ஊர் வாய் அடைபடும் என்று நினைத்தேன். அதோடு, பள்ளி வேலை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார், வகுப்பில் மோதினார் மகள் நான் ஒருத்திதானே என்று பூரித்தும் போனேன். மற்ற பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தன. பாவம், இதுகளுக்குப் பள்ளி வேலை என்ன தெரியும் என்று எனக்கு இரக்கம் வேறு. மீன் ஏலக்காரர் மகனைப் பார்த்து, 'வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நீ வந்து உக்காந்துட்டுப் போற, அத எழுது' என்று கிசுகிசுத்தேன். அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

என்ன வேலை என்பதற்கு, பள்ளியின் விளக்குச் சிமினிகளை வீட்டுக்கு வாங்கி வந்து சாம்பல் போட்டுத் துடைப்பதையும், கிழிந்த பாய்களின் ஓரம் தைப்பதையும் எழுதினேன். எப்படி என்பதற்கும் நன்றாகவே எழுதினேன். சிமினிக்குள் கை விடும்போது மூச்சை அடக்க வேண்டும் என்பது வரைக்கும். தப்பு என்ற இடத்தில் நின்றேன். ஒரு சிமினியை விரிசல் விட வைத்திருந்தேன். அவ்வளவுதான் என் தப்பு. இந்தச் சுண்டைக்காய்த் தப்பு டி.ஐ.க்குப் போதுமா? போதாது என்று பட்டது. பெரிய தப்பு ஒன்று என் கைவசம் இருந்தது. ஆனால் அது என்னுடையது இல்லை.

அந்த வருடம் நோன்பு மார்கழியில் வந்தது. நாலு நாளாக விடாத மழை, சூரியன் கண்ணில் படவே இல்லை. பள்ளியின் சுவர்க் கடிகாரம் ஈரக்காற்றுப் பட்டால் பின்தங்கும். வாப்பா தினமும் காலையில் தபாலாபீஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து முள்ளை முன்னே தள்ளி வைப்பார். அன்றும் பத்து நிமிஷம் தள்ளினார். காய்ச்சல் உடம்பு, தள்ளியது மறந்து மதியம் இன்னொரு பத்து நிமிஷம் தள்ளிவிட்டார். சாயங்காலம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நகராவை அடித்தார். ஊரே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டது. பொழுது அடைய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

பள்ளியின் முத்தவல்லி, அதாவது நிர்வாகம் எல்லாம் கையில் வைத்திருந்த பெரிய மனிதர், அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொழும்பிலிருந்து வந்த கைக்கடிகாரம் அவர் கையில். நகரா கேட்டதும் அவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தன் முள்ளைத் திருகிச் சுவரோடு ஒத்துப்போகும்படி வைத்துக்கொண்டு கஞ்சியைக் குடித்தார். வாப்பா கண்ணால் பார்த்தது இது.

மறுநாள் தபாலாபீஸ் போனபோதுதான் வாப்பாவுக்கு விஷயம் விளங்கியது. பொழுது அடையும் முன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாலும் அந்த நோன்பு கூடாது, அதாவது செல்லாது. இன்னொரு நாள் பதிலுக்கு நோற்க வேண்டும். களா என்போம். அவர் அன்றைக்கே பள்ளியில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டையும் எங்களையும் நினைத்து வாயைப் பூட்டிக்கொண்டார். நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மட்டும் பச்சைத்தண்ணீர் தொடாமல் இருந்தார். நான் விடாமல் நச்சரித்துக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். ஒருத்தரிடமும் சொல்லாதே என்று மட்டும் சொல்லவில்லை. அது அவருடைய இன்னொரு தப்பு.

அதைத்தான் எழுதினேன். மழை, காய்ச்சல், இரண்டு தரம் தள்ளிய முள், செவ்வாய்க்கிழமை நோன்பு, வாப்பாவின் தப்பில் ஒன்று விடவில்லை. கற்றுக்கொண்டது என்ன என்ற இடத்தில், 'ஒரு தடவை செய்த வேலையை மறந்துபோய் மறு தடவை செய்யக் கூடாது' என்று முடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் சொல்கிறேன், நல்ல கட்டுரை அது. நான் எழுதியதிலேயே நல்லது அதுதான், வேறு எதையும் எழுத வாய்க்கவில்லை.

மறுநாள் வாத்தியார் கட்டுரைத் தாள்கட்டோடு வந்தார். என் தாளை உருவும்போதே சிரிப்பு அவருக்கு அடங்கவில்லை. "பள்ளி வேலைன்னா பாடம் படிச்சது, கணக்குப் போட்டது. இந்தப் புள்ள பள்ளிவாசல் வேலைய எழுதிருக்கு, கேளுங்க!" என்று சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்தார். சிமினி வந்தபோது பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தன. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து, "சார், சார், போதும் சார்" என்றேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கடிகாரம் வந்தது, நகரா வந்தது. சிரிப்பு நின்றது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் ரசித்துக் கேட்கின்றன என்று நினைத்து இன்னும் அழுத்திப் படித்தார். தாளின் கீழே சிவப்பு மையில், 'தலைப்பை விட்டு விலகிவிட்டாய்' என்று எழுதிச் சைபர் போட்டிருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. நானும் டி.ஐ.யும் மட்டும் படிப்போம் என்று சொன்ன வாக்கு ஒரு சிரிப்புக்கு முன்னால் அவருக்கு மறந்துபோனது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை நான் இத்தனை வருடமாக மென்று கொண்டிருக்கிறேன்.

மதியச் சோற்றுக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயின. பிற்பகல் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தொழுகை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்களின் ஜமாஅத்து கூடியது. வாப்பாவை நடுவில் நிறுத்தினார்கள். என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள்; பெண்பிள்ளை என்பதால் முற்றத்தில், தண்ணீர்த் தொட்டியோரம் நின்றேன். உம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, 'யா அல்லா, எம் புள்ள வாயில மண்ணு விழ' என்று என்னைத்தான் ஏசிக்கொண்டிருந்தாள்.

முத்தவல்லி நிதானமாகத்தான் பேசினார். "மோதினாரே, புள்ளைக என்னத்தையாவது கிறுக்கும். ஊரே ஒரு நோன்பக் களாச் செய்யணும்னா ஆவுற காரியமா? இது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. இதையே புடிச்சுக்கிட்டு நிக்காம அவுகவுக வேலையப் பாப்போம்."

வாப்பா தலை குனிந்து நின்றார். முத்தவல்லி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு புள்ள. யாரு சொல்லி எழுதுன?"

ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. "ஒருத்தரும் சொல்லல. நானாக் கட்டி எழுதுனேன். மார்க்குக்காகப் பொய் எழுதுனேன்" என்றேன்.

அத்தனை பேர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. 'பாத்தியளா, நான் அப்பவே சொன்னேன்' என்றார் ஒருவர். இரண்டு பேர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தேவிட்டார்கள். தொழ வைக்கிற ஆலிம்சா கண்ணை மூடி, 'அல்ஹம்துலில்லாஹ்' என்றார். முடிந்தது என்று நானும் நினைத்தேன். எனக்கு இரண்டு அறை விழும், வாங்கிக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடம் போவேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் வாப்பா வாயைத் திறந்தார்.

"அவ பயந்துபோயி சொல்றா. எழுதுனதுதான் நெசம். பத்து நிமிசம் முந்தி அடிச்சுப்புட்டேன். எல்லாரும் ஒரு நோன்பு களாச் செய்யணும். நான் செஞ்சுட்டேன். இத்தன நாளாச் சொல்லாம இருந்தது என் குத்தம்."

பிறகு நடந்ததை விலாவாரியாகச் சொல்ல மனசில்லை. முத்தவல்லி எழுந்து, அன்றைக்குத் தன் கையிலும் கடிகாரம் இருந்தது, அதுவும் பள்ளிக் கடிகாரமும் ஒரே நேரம்தான் காட்டின, நோன்பு திறந்த நேரம் சரியானது என்று சாட்சி சொன்னார். ஆலிம்சாவைப் பார்த்தார்கள். சட்டம் தெரிந்த ஒரே ஆள் அவர். அவருக்கும் சோறு அதே முத்தவல்லி கையிலிருந்துதான் வந்தது. தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஆக, ஊர் நோன்பு கூடிவிட்டது. மோதினாருக்குத்தான் மூளை குழம்பிவிட்டது. மூளை குழம்பியவரைப் பாங்கு சொல்ல வைக்க முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த ஊரில் ஒருவர்கூட அந்த நோன்பைத் திருப்பி நோற்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது நான் அழுதுகொண்டே கேட்டேன். "ஏன் வாப்பா? நான்தான் பொய்யின்னு சொல்லிட்டேன்ல? அவுகளும் எந்திரிச்சிட்டாகள்ல?"

"ஒன்னையப் பொய்க்காரியாக்கிப்புட்டு நான் எப்படிம்மா அங்கன நின்னு பாங்கு சொல்றது?" என்றார்.

ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஒரு கொட்டகையில் ஒண்டினோம். உம்மாவோடு நான் ஓலைப் பெட்டி முடைய உட்கார்ந்தேன். டி.ஐ. வந்து போனதை ஊர்க்காரப் பெண் ஒருத்தி சொல்லித்தான் கேள்விப்பட்டேன். மீன் ஏலக்காரர் மகன் கட்டுரைதான் முதலாம். 'நான் எல்லாப் பாடமும் நன்றாகப் படித்தேன், தவறு ஒன்றும் செய்யவில்லை, இனிமேலும் செய்ய மாட்டேன்' என்று எழுதியிருந்தானாம். டி.ஐ. முதுகில் தட்டிக் கொடுத்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, உம்மா முறைத்தாள்.

வாப்பா சொன்ன அந்தப் பதிலைக் கேட்பவர்கள் எல்லாம் கண்கலங்குகிறார்கள். என்ன மனுசன், என்ன மனுசன் என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். எனக்கு இன்றைக்கும் முத்தவல்லி மேலும் வாத்தியார் மேலும் இருக்கிற கோபத்தைவிட வாப்பா மேல் இருக்கிற கோபம்தான் பெரிசு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவர். கேட்டிருந்தால், நான் பொய்க்காரியாகவே ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பேன்.